ஏழாம் அத்தியாயம்: முடிவுறும் தறுவாயில் புரோகிராமை நிறுத்திப் பார்த்தல்

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை நடுவழியில் நிறுத்தி, அதன் மாறிகளையும் ஸ்டாக்கையும் பார்வையிடும் முறையை முந்திய அத்தியாயங்களில் விஸ்தாரமாகக் கண்டோம். ஆனால் அநுபவத்தில் நம்மை மிகுதியும் தொல்லைப்படுத்துகிறவை, தவறான விடை தரும் புரோகிராம்கள் அல்ல. ஒரு க்ஷணம் முன்புவரை செவ்வனே வேலை செய்துகொண்டிருந்துவிட்டு, ஏன் என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் திடீரென்று முடிந்துபோகிறவையே. அப்படிப்பட்ட ஒன்றை ஜிடிபியில் ஏற்றி ‘ரன்’ என்று தட்டினால், இன்ன ப்ராசஸ் ‘எக்ஸிட்டெட் வித் கோட் 01’ என்று ஒரே ஒரு வரியை அச்சிட்டுவிட்டு அது வாளாவிருந்துவிடுகிறது; எங்கிருந்து முடிந்தது என்று அறிய ‘பேக்ட்ரேஸ்’ கேட்டாலோ, ‘நோ ஸ்டாக்’ என்று கையை விரிக்கிறது. டீபக்கரின் மேல் குற்றமில்லை. ப்ராசஸ் முடிந்த மாத்திரத்தில் அதன் நினைவகம் முழுவதையும் கெர்னல் திரும்ப வாங்கிக்கொண்டுவிடுகிறபடியால், பார்ப்பதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. ஆதலால், முடிவுக்குச் சற்று முன்பாகவே, சகலமும் இருந்த இடத்தில் இருக்கும்போதே, புரோகிராமைத் தடுத்து நிறுத்துவதுதான் நாம் செய்யக்கூடிய காரியம். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

இந்த அத்தியாயத்தில் சொல்லுவன யாவும் லினக்ஸில் ஜிடிபியைக் கொண்டு, சி அல்லது சி++ மொழியில் எழுதிய புரோகிராமை ஆராய்வதைக் குறித்தவை. கட்டளைகளை, இந்நூலின் வழக்கப்படி, தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டவேண்டும் என்று மறுபடியும் நினைவூட்டத் தேவையில்லை.

முதலில் ஒரு புரோகிராம் எவ்விதம் முடிகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். சி நூலகத்தின் ‘எக்ஸிட்’ என்னும் ஃபங்ஷனை அழைத்து முடிவது ஒரு வகை. அப்போது, ‘அட்எக்ஸிட்’ மூலமாக முன்னரே பதிவுசெய்து வைத்த ஃபங்ஷன்கள், கடைசியில் பதிந்தது முதலில் என்ற தலைகீழ் வரிசையில் ஓடுகின்றன. சி++ ஆனால் குளோபல் பொருள்களின் டிஸ்ட்ரக்டர்களும் அதே வரிசையில் கலந்து ஓடுகின்றன. எழுதாமல் பஃபரில் தங்கியிருந்த எழுத்துக்கள் கோப்புகளில் எழுதப்படுகின்றன. இவ்வளவும் ஆன பிறகே ‘_எக்ஸிட்’ என்று முன்னால் அடிக்கோடு இட்ட வேறொரு ஃபங்ஷனுக்குக் கட்டுப்பாடு போகிறது. நேரே அந்த ‘_எக்ஸிட்’டையே அழைத்து முடிவது இரண்டாவது வகை. கலியாண வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு புறப்படுகிறவருக்கும், யாரிடமும் சொல்லாமல் கொல்லைப்புறமாக நழுவுகிறவருக்கும் உள்ள வித்தியாசந்தான் இவ்விரண்டுக்கும். பின்னதில் அட்எக்ஸிட் ஃபங்ஷன்களும் ஓடமாட்டா, பஃபரில் உள்ளவையும் கோப்புக்குப் போய்ச் சேரமாட்டா. மூன்றாவது வகை, ஏதேனும் ஒரு சிக்னலால் மடிவது; அதைப் பின்னால் தனியே எடுத்துக்கொள்வோம்.

முதல் இரண்டு வகைகளும் கடைசியில் வந்து சேருமிடம் ஒன்றே. லினக்ஸில் குளிப்சி நூலகத்தின் ‘_எக்ஸிட்’, கெர்னலை நோக்கி ‘எக்ஸிட்_குரூப்’ என்ற சிஸ்டம் காலைச் செய்கிறது. எக்ஸ்86-64 யந்திரங்களில் அதன் எண் 231. வெறும் ‘எக்ஸிட்’ என்னும் சிஸ்டம் கால், எண் 60, அழைத்த திரெட் ஒன்றை மட்டும் முடிக்கும். எக்ஸிட்_குரூப்போ ப்ராசஸின் எல்லாத் திரெட்களையும் ஒருங்கே முடிக்கும். புரோகிராம் எந்தப் பாதையில் வந்தாலும், சிக்னலால் மடிந்தாலொழிய, பெரும்பாலும் இவ்விடத்தைக் கடந்தே தீரவேண்டும். ஆகவே, காரணம் இன்னதென்று ஊகிக்கவும் வழியில்லாத ஒரு புரோகிராம் கைக்கு வந்தால், வேறெதையும் யோசிக்காமல் இந்தக் கட்டளையை முதலில் இட்டுவிடுவது என் வழக்கம்:

கேட்ச் சிஸ்கால் எக்ஸிட்_குரூப்

பிறகு ‘ரன்’. சாதாரணமாக, சிஸ்டம் காலைப் பிடிக்கச் சொன்னால் ஜிடிபி அதன் நுழைவில் ஒரு தரமும் திரும்புகையில் ஒரு தரமுமாக இரண்டு முறை நிற்கும். எக்ஸிட்_குரூப் திரும்பி வருவதென்பது கிடையாதாகையால் இங்கே ஒரே தரம் நிற்கிறது. இம்முறைக்கு மற்றொரு சௌகரியம், சி நூலகத்தின் சிம்பல்களை இது எதிர்பார்ப்பதில்லை. முழுதும் ஸ்டாட்டிக்காக இணைத்துச் சிம்பல்களை நீக்கிவிட்ட புரோகிராமானாலும் சரி, சி நூலகத்தையே நாடாமல் நேரே கெர்னலோடு பேசும் கோ மொழிப் புரோகிராமானாலும் சரி, இதற்குத் தப்பமுடியாது.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பின்னணியில் ஓடவேண்டிய ஒரு கணக்குப் புரோகிராம், தொடங்கியவுடனே முடிந்துவிடுகிறது. அதன் பிழைச் செய்திகளையெல்லாம் டெவ்-நல்லுக்குத் திருப்பிவிட்டிருப்பதால் திரையிலும் எதுவும் தெரிவதில்லை. மேற்சொன்ன கட்டளையை இட்டு ஓட்டி, அது நின்றதும் ‘பேக்ட்ரேஸ்’ கேட்டால் கிடைப்பது ஏறக்குறைய இது:

#0 _எக்ஸிட்
#1 __ரன்_எக்ஸிட்_ஹாண்ட்லர்ஸ்
#2 எக்ஸிட்
#3 ஃபேட்டல்
#4 ஓப்பன்_லெட்ஜர்
#5 மெயின்

இதில் முதல் மூன்று வரிகளும் சி நூலகத்துக்குச் சொந்தமானவை; அவற்றில் நமக்குச் சிரத்தை இல்லை. மூன்றாம் எண்ணுக்குரிய ‘ஃபேட்டல்’ என்பது, செய்தியை அச்சிட்டுவிட்டு எக்ஸிட்டை அழைக்கும் சிறு ஃபங்ஷன்; இதுபோன்று ஒன்று ஏறத்தாழ எல்லாப் பெரிய புரோகிராம்களிலும் இருக்கும். நாம் தேடும் குற்றவாளி அதை அழைத்த ‘ஓப்பன்_லெட்ஜர்’. ‘ஃபிரேம் 4’ என்று தட்டி அவ்விடத்துக்கு ஏறி, ‘இன்ஃபோ லோக்கல்ஸ்’ என்று கேட்டால், திறக்க முயன்ற கோப்பின் பாதையும், ஓப்பன் திருப்பித் தந்த மைனஸ் ஒன்றும் கண்முன் நிற்கின்றன. எக்ஸிட் ஃபங்ஷன் ஸ்டாக்கைச் சுருட்டுவதே இல்லை. தன்னை அழைத்தவர்களுடைய ஃபிரேம்களின் மீதே தன் வேலைகளை முடித்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் முடிவின் கடைசிப் படியில் நிறுத்தியும், நாலு ஃபங்ஷனுக்கு முன்னால் இருந்த லோக்கல் மாறிகள் நமக்கு அகப்படுகின்றன.

ஆனால் எல்லாமே அப்படிப் பத்திரமாக இருந்துவிடுவதில்லை. கோப்பைத் திறக்க முடியாமற்போனது கோப்பு இல்லாமையாலா, அதாவது எர்ர்நோ 2 என்பதாலா, அநுமதி இல்லாமையாலா, அதாவது 13 என்பதாலா என்று தீர்மானிக்க நாம் எர்ர்நோவைப் பார்க்கவேண்டும். எக்ஸிட்_குரூப் வரையில் வந்த பிறகு பார்த்தாலோ, இடையில் ஓடிய ஹாண்ட்லர்களும் பஃபர்களை எழுதிய வேலையும் அதை மாற்றியிருக்கக்கூடும். குளோபல் பொருள்களின் நிலையும் இவ்வாறே. டிஸ்ட்ரக்டர்கள் ஓடி முடிந்த இடத்தில் நின்றுகொண்டு, அவற்றின் உள்ளடக்கத்தைக் குறித்து ஒரு முடிவுக்கு வருவது அவிவேகம். எனவே, யார் முடித்தார் என்பதைக் கடைசிப் படியில் தெரிந்துகொண்டபின், ஏன் முடித்தார் என்பதை அறிய ஒரு படி முன்னால் வரவேண்டும்:

பிரேக் எக்ஸிட்

இங்கே நிற்கும்போது ஹாண்ட்லர்களில் ஒன்றும் ஓடத்தொடங்கியிருக்காது. எர்ர்நோ, ஹீப், குளோபல்கள் யாவும் முடிவைத் தீர்மானித்த கணத்தில் இருந்தபடி இருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதில் இரண்டு சிறு இடையூறுகள் நேர்வதுண்டு. புரோகிராம் ஓடத் தொடங்குவதற்கு முன்பே இக்கட்டளையை இட்டால், சி நூலகம் இன்னும் ஏற்றப்படாத காரணத்தால், அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லையே, நூலகம் வந்தபிறகு வைத்துக்கொள்ளட்டுமா என்று ஜிடிபி வினவக்கூடும்; ‘ஒய்’ என்று சம்மதம் தந்துவிடலாம், அல்லது முதலில் ‘ஸ்டார்ட்’ என்று தட்டி மெயினில் நிறுத்திக்கொண்டு, அதன்பிறகு பிரேக்பாயிண்டை வைக்கலாம். பின்னது நல்லது. மற்றது, சி++ புரோகிராமில் ஏதாவது ஒரு கிளாஸுக்குள்ளே எக்ஸிட் என்ற பெயரில் ஃபங்ஷன் இருந்தால், ஜிடிபி அவற்றிலெல்லாம் பிரேக்பாயிண்டை வைத்துவிடும். ‘பிரேக் -குவாலிஃபைட் எக்ஸிட்’ என்றால் கிளாஸுக்கு வெளியே உள்ள எக்ஸிட் மட்டுமே அகப்படும்.

சில வேளைகளில் நல்லபடியாக முடியும் ஓட்டங்களே மிகுதியாயிருந்து, கெட்டபடி முடிவது எப்போதோ ஒரு தரமாக இருக்கும். அப்போது ஒவ்வொரு முடிவிலும் நின்று பார்ப்பது வீண் பிரயாசை. சி நூலகத்தின் டீபக் சிம்பல்கள் இருந்தால் ‘ஸ்டேட்டஸ்’ என்ற ஆர்க்யுமெண்டின் மேல் நிபந்தனை வைக்கலாம். அவை இல்லாவிடினும் எக்ஸ்86-64இல் முதல் ஆர்க்யுமெண்ட் ஆர்டிஐ ரெஜிஸ்டரில் வருவது நியதியாகையால், அதன் கீழ்ப்பாதியான இடிஐயைக் கொண்டு இவ்வாறு எழுதலாம்:

பிரேக் எக்ஸிட் இஃப் $இடிஐ != 0

முடிவுக் குறியீட்டைப் பற்றி ஜிடிபி சொல்லுவதைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை அவசியம். அது அந்த எண்ணை எட்டடிமானத்தில் அச்சிடுகிறது. குறியீடு 1 என்றால் 01; 8 என்றால் 010; 255 என்றால் 0377. புரோகிராமின் மூலத்தில் 10 என்ற குறியீட்டைத் தேடிக்கொண்டு அரைநாளைக் கழித்துவிட்டு, உண்மையில் அது 8 என்று பின்னர் கண்டுகொள்வோர் உண்டு. ‘பிரிண்ட் $_எக்ஸிட்கோட்’ என்று கேட்டால் சாதாரணப் பதின்மானத்திலேயே விடை கிடைக்கும். அதோடு, பெற்றோர் ப்ராசஸுக்குப் போய்ச் சேருவது அந்த எண்ணின் கீழ் எட்டு பிட்கள் மாத்திரமே என்பதையும் மனத்தில் வைக்கவேண்டும். மைனஸ் ஒன்றைக் கொடுத்தால் 255 ஆகும். 256ஐக் கொடுத்தாலோ பூஜ்யமாகி, தோல்வி வெற்றியாக வேஷம் போட்டுக்கொள்ளும். எக்ஸிட்டிலேயே நிறுத்தி ரெஜிஸ்டரைப் பார்க்கிறவருக்கு மட்டுமே 256 என்ற முழு எண் தெரியும்.

இனி, பேக்ட்ரேஸில் மெயின் காணப்படாத சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்லவேண்டும். எக்ஸிட்டில் நின்றிருக்கிறோம், ஸ்டாக்கிலோ எக்ஸிட்டும், அதற்குக் கீழே சி நூலகத்தின் தொடக்க ஃபங்ஷன்களும், அடியில் ‘_ஸ்டார்ட்’டும்தான் இருக்கின்றன. இதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. மெயின் தானே ரிட்டர்ன் செய்துவிட்டது, அதன் விடையை வாங்கி நூலகம் எக்ஸிட்டை அழைத்திருக்கிறது என்பதே பொருள். மெயினின் ஃபிரேம் போய்விட்டபடியால் அதன் லோக்கல்கள் இங்கே அகப்படமாட்டா. மெயினின் ரிட்டர்ன் வரிகளில் பிரேக்பாயிண்ட் வைத்து மறுபடியும் ஓட்டுவதே வழி. இதே அடையாளம் வேறொரு விதத்திலும் உதவுகிறது. புரோகிராம் செக்மெண்டேஷன் ஃபால்ட்டில் விழுந்து, அதன் பேக்ட்ரேஸில் மெயின் இல்லாமல் ‘__ரன்_எக்ஸிட்_ஹாண்ட்லர்ஸ்’ மட்டும் இருக்குமானால், அந்த விபத்து வேலையெல்லாம் முடிந்த பிறகு, டிஸ்ட்ரக்டர்களின் வரிசையில் நேர்ந்தது. ஒரு குளோபல் பொருளின் டிஸ்ட்ரக்டர், தனக்கு முன்பே அழிந்துவிட்ட மற்றொன்றைத் தொட்டிருக்கிறதா என்றே முதலில் பார்க்கவேண்டும்.

முடியவேண்டிய இடத்தில் முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பதும் இந்த வியாதியின் மற்றொரு முகம். எல்லா வேலையும் ஆகி, கடைசிச் செய்தியும் வந்துவிட்டது; ஷெல்லின் ப்ராம்ப்ட் மட்டும் திரும்பி வருவதில்லை. அதன் ப்ராசஸ் எண்ணைக் கொண்டு ‘ஜிடிபி -பி’ என்று தொற்றிக்கொண்டு, ‘திரெட் அப்ளை ஆல் பேக்ட்ரேஸ்’ என்று கேட்கவேண்டும். உபுண்டு போன்றவற்றில் தன் குழந்தையல்லாத ப்ராசஸைத் தொற்றுவதற்குச் சாதாரணப் பயனருக்கு அநுமதி இல்லையாதலால், ‘சூடோ’ தேவைப்படும். முதல் திரெட் எக்ஸிட் ஹாண்ட்லர்களுக்குள் ஒரு டிஸ்ட்ரக்டரில் ‘ஜாயின்’ செய்துகொண்டு காத்திருப்பதையும், அது காத்திருக்கும் திரெட், முதல் திரெட் பிடித்துவைத்திருக்கும் மியூட்டெக்ஸுக்காகக் காத்திருப்பதையும் அப்போது காணலாம். இப்படிப்பட்ட பின்னல்களை அச்சுவரிகளைத் தூவிக் கண்டுபிடிக்க முயலுகிறவர்களின் பொறுமையை நான் மெச்சுகிறேனே தவிர, அவர்கள் முறையை மெச்சமாட்டேன்.

அச்சுவரி என்றதும், அதில் இருக்கும் பெரிய மோசத்தையும் சொல்லிவிடவேண்டும். வெளியீடு திரைக்குப் போகும்போது வரிக்கு வரி எழுதப்படும். கோப்புக்கோ பைப்புக்கோ திருப்பிவிட்டால் பஃபர் நிரம்பினால்தான் எழுதப்படும். புரோகிராம் ‘_எக்ஸிட்’டாலோ சிக்னலாலோ முடியுமானால், பஃபரில் இருந்த கடைசிச் செய்திகள் அதனோடு போய்விடும், லாகில் காணும் கடைசி வரி, உண்மையில் ஓடிய கடைசி வரிக்கு வெகுதூரம் பின்னால் இருக்கக்கூடும். எக்ஸிட்_குரூப்பில் நிறுத்தி வைத்திருக்கையில் ‘கால் (இண்ட்) எஃப்ஃப்ளஷ்(0)’ என்று தட்டினால், நின்றுகொண்டிருக்கும் புரோகிராமைக்கொண்டே அந்த வரிகளை எழுதுவித்துக்கொள்ளலாம். ‘இண்ட்’ என்று அடைப்புக்குள் சொல்லாவிட்டால், ஃபங்ஷன் திருப்பித் தருவது என்ன இனம் என்று தெரியவில்லை என ஜிடிபி மறுத்துவிடும்.

சிக்னலால் மடிகிறவற்றுக்குத் தனியாகப் பிரேக்பாயிண்ட் பெரும்பாலும் வேண்டியதில்லை. அஸர்ட் தோற்றாலும், சி++இல் எறியப்பட்ட எக்ஸெப்ஷனைப் பிடிப்பாரில்லாமற்போனாலும், கடைசியில் ‘அபார்ட்’ வழியாக எஸ்ஐஜி-அபார்ட் என்னும் 6ஆம் சிக்னல் எழுகிறது. அதில் ஜிடிபி தானாகவே நிற்கும். எக்ஸெப்ஷன் எறியப்பட்ட இடத்திலேயே பார்க்க விரும்புகிறவர் ‘கேட்ச் திரோ’ என்று இட்டுக்கொள்ளலாம். எக்ஸெப்ஷன்களைத் தாராளமாக உபயோகிக்கும் புரோகிராமில் அது நிமிஷத்துக்கு நூறு தரம் நிற்கும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளவேண்டும்.

வெளியிலிருந்து யாரோ எஸ்ஐஜி-டெர்ம் அனுப்பிப் புரோகிராமை முடிக்கிறார்கள், அனுப்புவது யார் என்று தெரியவில்லை என்ற நிலைமைக்கு ஓர் அருமையான மருந்து இருக்கிறது. அந்தச் சிக்னலில் ஜிடிபி நின்றதும்,

பிரிண்ட் $_சிக்இன்ஃபோ._சிஃபீல்ட்ஸ்._கில்.எஸ்ஐ_பிட்

என்று கேட்டால், அனுப்பிய ப்ராசஸின் எண் வந்துவிடுகிறது. அவ்வெண்ணைக் கொண்டு ‘பிஎஸ்’ஸில் பார்த்தால், கண்காணிப்பு ஸ்கிரிப்ட் ஒன்றோ, சர்வீஸ் மேனேஜரோ பிடிபடும். எஸ்ஐஜி-கில் மட்டும் இதற்கு விலக்கு. 9ஆம் எண்ணுள்ள அந்தச் சிக்னலைப் புரோகிராமும் தடுக்கமுடியாது, டீபக்கரும் இடைமறிக்கமுடியாது; ப்ராசஸ் இனி இல்லை என்ற செய்தி மட்டுமே மிஞ்சும். ஷெல்லில் குறியீடு 137 என்று, அதாவது 128உடன் 9 என்று வந்தால், டீபக்கரை மூடிவைத்துவிட்டு ‘டிமெஸ்ஸேஜ்’ லாகில், நினைவகப் பற்றாக்குறையால் கெர்னலே கொன்றதாக வரி இருக்கிறதா என்று தேடுவது மேல்.

வைத்த பிரேக்பாயிண்டுகள் ஒன்றிலும் நில்லாமல் முடிந்துபோகிறது என்று முறையிடுகிறவர்களின் புரோகிராமைப் பார்த்தால், பெரும்பாலும் அது ‘ஃபோர்க்’ செய்திருக்கும். ஜிடிபி சுபாவமாகப் பெற்றோரையே பின்தொடர்ந்து, குழந்தையை விட்டுவிடுகிறது. தன்னைப் பின்னணிக்கு அனுப்பிக்கொள்ளும் புரோகிராமில் பெற்றோர் உடனே முடிந்துபோக, மெய்யான வேலையைச் செய்யும் குழந்தை நம் கண்ணுக்கு எட்டாமல் எங்கோ மடிகிறது. ‘செட் ஃபாலோ-ஃபோர்க்-மோட் சைல்ட்’ என்றால் குழந்தையைப் பின்தொடரலாம். இருவரும் வேண்டுமானால் ‘செட் டீட்டாச்-ஆன்-ஃபோர்க் ஆஃப்’ என்று இட்டு, ‘இன்ஃபோ இன்ஃபீரியர்ஸ்’ மூலம் அவர்களின் எண்களை அறிந்து, ‘இன்ஃபீரியர்’ என்ற கட்டளையோடு எண்ணைத் தந்து மாறி மாறிப் பார்க்கலாம். பின்னணிக்குப் போகாமல் முன்னணியிலேயே ஓடும்படி ஒரு ஆப்ஷன் அப்புரோகிராமுக்கு இருக்குமானால், இந்தச் சங்கடத்தில் சிக்காமல் அதையே கைக்கொள்ளுவது புத்தி.

விண்டோஸில் விண்டிபக் இவ்விஷயத்தில் சற்று தாராளமானது. ப்ராசஸ் முடியும் தறுவாயில் தானாகவே ஒரு தரம் நிற்கிறது, வேண்டாம் என்றால்தான் பெரிய எழுத்து ‘-ஜி’ என்ற ஆப்ஷனைக் கொடுத்து அதை நிறுத்தவேண்டும். மேக்கின் எல்எல்டிபியில் ‘பிரேக்பாயிண்ட் செட் -என் எக்ஸிட்’ என்பது மேலே சொன்னதற்குச் சமானம்.

முடிவில் நிறுத்தியபின் பின்னோக்கிப் போகவேண்டும் என்ற ஆசை எவருக்கும் எழும். 2009இல் வந்த ஜிடிபி 7.0 முதல் ‘ரெக்கார்ட்’ என்ற கட்டளை உண்டு. புரோகிராம் தொடங்கியபின் அதை இட்டு மேலே ஓட்டினால், எக்ஸிட்_குரூப்பை எட்டும்போது, இது புரோகிராமை முடித்துவிடுமே, நிறுத்திக்கொள்ளட்டுமா என்று ஜிடிபியே கேட்கும். ஆம் என்று சொல்லி, ‘ரிவர்ஸ்-ஸ்டெப்’ முதலியவற்றால் வந்த வழியே திரும்பலாம். ஆனால் ஒவ்வொரு யந்திரக் கட்டளையாகக் குறித்துக்கொள்வதால் ஓட்டம் மிக மிக மெதுவாகிவிடும். சிறு புரோகிராம்களுக்குத்தான் பொருந்தும். பெரியவற்றுக்கு மொஸில்லாவில் உருவான ‘ஆர்ஆர்’ என்னும் கருவியே தகுந்தது. அதில் ஓட்டத்தை ஒருமுறை பதிவுசெய்துகொண்டு, பிறகு எத்தனை தரம் வேண்டுமானாலும் முடிவிலிருந்து பின்னோக்கி ஓட்டலாம்.

இவை இரண்டும் இல்லாதபோது, ஏழைக்கு ஏற்ற உபாயம் ஒன்று உண்டு. ஜிடிபிக்குள் ஓடும் புரோகிராமுக்கு முகவரிகளைக் கலைத்துப்போடும் ஏற்பாடு சுபாவமாகவே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. அதனால் ஒரே உள்ளீட்டோடு மீண்டும் ஓட்டினால், பெரும்பாலும் மாறிகள் அதே முகவரியில் வந்து அமரும். எக்ஸிட்டில் நின்றபோது ஒரு குளோபல் மாறி கெட்டிருக்கக் கண்டால், அதன் முகவரியைக் குறித்துக்கொண்டு, ‘ஸ்டார்ட்’ என்று மறுபடியும் தொடங்கி, அந்த முகவரியின் மேல் ‘வாட்ச்’ ஒன்றை வைத்துவிடலாம். அதைக் கெடுத்த வரியிலேயே புரோகிராம் நின்றுவிடும்.

நின்றிருக்கும் நிலையைப் பிறருக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ‘ஜெனரேட்-கோர்-ஃபைல்’ என்று தட்டினால் போதும். ப்ராசஸ் முடிந்தபின்பும் அந்தக் கோர் கோப்பைத் திறந்து ஸ்டாக்கைப் பார்க்கலாம். எக்ஸிட்டில் நிற்கும்போது ‘ரிட்டர்ன்’ கட்டளையை இட்டு, முடிவிலிருந்து புரோகிராமைக் காப்பாற்றி மேலே ஓட்டிப்பார்க்கலாமே என்று சிலருக்குத் தோன்றும், அதைச் செய்யலாகாது. எக்ஸிட் திரும்பி வராது என்பதைக் கம்பைலர் அறிந்திருப்பதால், அந்த அழைப்புக்கு அடுத்தபடியாக அது எதை வைத்திருக்கிறது என்பதற்கு உத்தரவாதமில்லை. அடுத்த ஃபங்ஷனின் தொடக்கமே அங்கே இருந்தாலும் இருக்கலாம். ‘கன்டினியூ’ என்று விட்டுவிட்டு, வேண்டுமானால் மீண்டும் ‘ரன்’ செய்துகொள்ளலாம். வைத்த பிரேக்பாயிண்டுகள் அப்படியே இருக்கும். ஜிடிபியையே மூடப்போகிறீர்களானால் ‘சேவ் பிரேக்பாயிண்ட்ஸ்’ என்ற கட்டளையோடு ஒரு கோப்பின் பெயரைத் தந்து எழுதிவைத்துக்கொண்டு, மறுநாள் ‘சோர்ஸ்’ என்று அதைப் படிப்பித்துக்கொள்ளலாம்.